அப்பா கோபித்துக்கொண்டவர்களுக்காக

ஆகஸ்ட் 4

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் தகப்பன் எழுதுவது. அலுவல் கடிதம் என்பதால் ‘தங்கள்’ என்று தொடங்கினேன். இதற்கு மேல் அது எனக்கு வராது.

ஜூன் மாதம் நீ இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வருகிறாய் என்று தெரிந்த அன்றே உனக்கு ஒரு சொல் சொல்லியனுப்பினேன். அத்தை என்று ஒருத்தி இருப்பது என் மகளுக்குத் தெரியும். அது நீதான் என்பது தெரியாது, தெரியவும் கூடாது. நீயும் சரி என்றாய். அத்தனை பள்ளிகள் இருக்கும்போது, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிக்கே உன்னை அனுப்பியது தற்செயல் என்று என்னை நம்பச் சொன்னாய். நம்பியதுபோல இருந்துவிட்டேன். பள்ளி திறந்த பிறகு குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்ற என் மனைவி ஒப்பவில்லை. அவள் எப்போதுமே உன் கட்சி.

நேற்று எங்கள் தெருத் தையல்காரர் என்னை வழிமறித்தார். என் கால்சட்டையைக் கணுக்கால் தெரியத் தைத்துக் கொடுத்துவிட்டு, “இப்ப இதுதான் சார் மோஸ்தர்” என்று சொன்ன மனிதர். ஒரு வருடமாக அவருடன் எனக்குப் பேச்சில்லை. அவர் பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. “சார், உங்க பொண்ணு தினமும் ஸ்கூல்ல என் பேரைச் சொல்லி செபம் பண்ணுதாமே?” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

என் வீட்டுச் சங்கதி உன் வகுப்பறைக்கு எப்படிப் போனது? குழந்தைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கையைக் கூப்பச் சொல்லி, வீட்டில் நடப்பதையெல்லாம் சொல்ல வைக்கிறீர்களா? பதில் வேண்டும். தபாலில் அனுப்பு. குழந்தையின் பையில் வைக்காதே.

மூன்றாம் வகுப்பு மாணவியின் தந்தை

—

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, வரிக்கு வரி எழுத்துகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கடித உறையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

கன்னியர் மடத்தில் நாங்கள் யாரும் இடம் கேட்டு வாங்குவதில்லை. போ என்றால் போகிறோம். நீ நம்பமாட்டாய், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். காலை மணி அடித்ததும் முற்றத்தில் பொதுச் செபம். பிறகு வகுப்பில் சிலுவை அடையாளம் வரைந்து ஒரு சிறு செபம். நண்பகலில் கோயில் மணி கேட்டதும் மூவேளைச் செபம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, வீட்டுக்குப் புறப்படுமுன் காவல்தூதருக்கு ஒன்று. நாம் படித்தபோது இருந்ததுதான். வகுப்புச் செபத்தின்போது மட்டும் டீச்சர், “இன்னிக்கு யாருக்காக வேண்டிக்கலாம்?” என்று கேட்பார். விருப்பமுள்ள பிள்ளைகள் எழுந்து ஒரு மன்றாட்டு சொல்வார்கள். மற்றவர்கள், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பார்கள். யாரும் எதையும் தோண்டிக் கேட்பதில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் நானே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவன் தன் நாய்க்குட்டியின் காலுக்காக வேண்டினான். ஒருத்தி கணக்குப் பரீட்சை நாளன்று மழை பெய்து விடுமுறை வரவேண்டும் என்று வேண்டினாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உன் மகள் எழுந்தாள்.

“எங்கப்பா கோவிச்சுக்கிட்டவங்களுக்காக” என்று தொடங்கினாள். தையற்கடை மாமாவுக்காக. எங்கப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய நாற்காலியில உட்கார்ந்திருக்கிற துறைத்தலைவர் மாமாவுக்காக. குடையை வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தராத மாடிவீட்டு மாமாவுக்காக. டிவியில செய்தி வாசிக்கிற மாமாவுக்காக. ஒவ்வொருவருக்கும் வகுப்பு முழுவதும் பதில் சொன்னது. நானும் சொன்னேன்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்குக் காது இருக்கிறது தம்பி, அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடுகிறாய் என்று கேள்வி. யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

அன்புடன்,
அக்கா

—

ஆகஸ்ட் 14

அக்கா,

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. என் வீட்டில் மாத்திரையை எண்ணுகிற ஆள் ஒருத்திதான்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துவிட்டேன். எதையோ விட்டிருக்கிறாய். செய்தி வாசிப்பவரோடு பட்டியல் முடிகிறது என்றால் அது என் பட்டியல் இல்லை. கல்லூரியில் இருபது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவனுக்கு, எங்கே ஒரு வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

வீட்டில் நடப்பதையும் கேள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எங்கோ மணி கேட்டது. விளையாடிக்கொண்டிருந்தவள் பந்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று உதட்டை அசைக்கிறாள். நான் அறைக்குள் வந்ததும் நிறுத்திவிட்டாள். “என்னம்மா சொன்னே?” என்றேன். “ஒண்ணுமில்லப்பா, நீங்க போங்க” என்கிறாள். எட்டு வயதில் என்னிடம் மறைக்க ஒரு விஷயம்! இதை யார் கற்றுக்கொடுத்தது?

நீ இப்படித்தான் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்வாய். அப்பா கைகால் விழுந்து படுத்த மாதம் எனக்கு நினைவிருக்கிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் நீ பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறாய். “அழைப்பு வந்திருக்குடா” என்றாய். எனக்கும்தான் அழைப்பு வந்திருந்தது. நீ கடவுளுக்கு ஊழியம் செய்யப் போனாய், நான் அப்பாவின் மூத்திரச் சட்டியைக் கழுவினேன். கடைசி நாளில் அவர் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மண் மூடிய மறுநாள்தான் நீ வந்தாய்.

இப்போது என் மகள். அவளையும் ஒரு நாள் பெட்டி கட்ட வைக்கத்தான் இந்தச் செபமெல்லாம் என்று சந்தேகப்படுகிறேன். இல்லையென்று சொல், நம்பமாட்டேன்.

மாற்றுச் சான்றிதழைத் தயார் செய்து வை. திங்கட்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அவளுடைய தகப்பன்

—

ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

சான்றிதழ் என் மேசை மேல் தயாராக இருக்கிறது. தகப்பன் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும், தலைமையாசிரியைக்கு வேறு வழி கிடையாது.

நீ சந்தேகப்பட்டது சரி, ஒரு வரியை விட்டிருந்தேன். உன்னை வருத்தவேண்டாம் என்று நினைத்தேன். என்னையும்.

செய்தி வாசிப்பவருக்குப் பிறகு அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, “நான் பார்க்காத எங்க அத்தைக்காக” என்றாள். “எங்கப்பா அவங்கமேலதான் ரொம்பக் கோவமா இருக்கார். அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.” வகுப்பு பதில் சொன்னது. நான் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். “சிஸ்டர், நீங்க சொல்லலையே” என்றாள். சொன்னேன்.

உனக்குக் கொடுத்த வாக்கை அப்போதும் மீறவில்லை. மீறியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் நடந்ததுதான். சாக்கு எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். உன் மகள் வளர்ந்து டாக்டராகட்டும், டிரைவராகட்டும், எனக்கு ஒன்றுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த மன்றாட்டை நிறுத்தச் சொல் என்றால் என்னால் முடியாது. அது அவளுடையது. வேறு பள்ளிக்குப் போனாலும் சொல்லத்தான் போகிறாள். உதடு அசைவது மட்டும்தான் உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா

—

ஆகஸ்ட் 24

அக்கா,

திங்கட்கிழமை வந்தேன். உன் அறைக்கு வரவில்லை. காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். “செபம் நடக்குது சார். முடியற வரைக்கும் நில்லுங்க.” மூன்றாம் வகுப்பு ஜன்னல் அந்தப் பக்கம்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நின்றேன்.

அவள் குரல்தான். துறைத்தலைவர் வந்தார், மாடிவீட்டுக்காரர் வந்தார், செய்தி வாசிப்பவர் வந்தார், நீயும் வந்தாய். தையல்காரர் வரவில்லை. என் கடிதத்தைப் படித்துவிட்டு நீதான் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறாய் என்று அங்கேயே முடிவு கட்டினேன். செபம் முடிந்ததும் உன்னிடம் சண்டை போடுவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கிவிட்டேன். நல்லவேளை, எனக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் அவளிடமே கேட்டேன். “தையற்கடை மாமாவை ஏம்மா விட்டுட்டே? சிஸ்டர் சொன்னாங்களா?”

“சிஸ்டர் எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் அவர்கூட சிரிச்சீங்களே” என்றாள்.

உண்மைதான். அதற்கு இரண்டு நாள் முன்னால், இந்தச் செபப் பேச்சையெல்லாம் தெருவில் கிளப்பாதே என்று அவரை ஒரு பிடி பிடிக்கத்தான் கடைக்குப் போனேன். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “ஐயோ சார், நிறுத்திடாதீங்க. உங்க பொண்ணு வேண்ட ஆரம்பிச்சதிலிருந்து என் சம்சாரத்துக்கு மூட்டு வலியே இல்ல. நீங்க கோவமாவே இருங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். நான் என்ன செய்ய? சிரித்துத் தொலைத்தேன்.

ஆக, நான் யாரிடம் சிரிக்கிறேனோ அவர் பெயர் போய்விடுகிறது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் இத்தனை நாளும். மறைத்தது எதுவும் இல்லை. நான் அறைக்குள் வந்தால், என்னைப் பற்றி என் முன்னாலேயே சொல்வது மரியாதை இல்லை என்று நிறுத்திக்கொண்டாளாம்.

பிறகு, “அத்தைய எப்பப்பா விடலாம்?” என்று கேட்டாள். கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோலச் சாதாரணமாக.

பள்ளிப் பையை எடுத்து வைக்கச் சொன்னேன். இந்த வாரம் தினமும் கேட்கிறாள்.

அவளுக்குச் சொல்லுமுன் உனக்கு எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. அப்பா உன் பெயரைச் சொன்ன குரல் என் காதில் இருக்கும்வரை போகுமா என்பதும் தெரியாது. அதனால் அவள் உன்னை இப்போதைக்கு விடவேண்டாம். அவளிடம் பொய் சொல்லி உன் பெயரை எடுக்க வைக்க மாட்டேன்.

நாளை சற்று முன்னதாகவே, மணி அடிப்பதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு உன் அறைக்கு வருகிறேன். சான்றிதழுக்காக அல்ல, அதைக் கிழித்துவிடு. யாருக்காக வேண்டுகிறாள் என்பதாவது அவளுக்குத் தெரியட்டும்.

தம்பி