பொறுப்பாளர் பெயர்

சித்தூர், 3.5.2025

அன்புள்ள திலீப்,

நலம்தானே? போன் செய்தால் மூன்றாவது நிமிஷம் உனக்கு வேறு போன் வந்துவிடுகிறது. அதனால்தான் மெயில். உன் கம்பெனியில் இன்னொரு ப்ராஜெக்ட் மேனேஜர் எடுக்கிறார்கள் என்றாயே, நான் வரலாமா? ஒன்பது வருஷமாக இந்த மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறேன். வீட்டில் கல்பனாவும் திருப்பதிக்குப் போய்விடலாம் என்கிறாள். நல்லது கெட்டது மறைக்காமல் சொல். அப்புறம், உங்கள் கம்பெனி எங்களுக்குப் போடுகிற புது மாங்கூழ் லைனுக்கு பம்ப் இன்னும் வரவில்லை. சீசன் நெருங்கிக்கினு இருக்கிறது.

உன்
வேதாச்சலம்

திருப்பதி, 6.5.2025

டேய் வேதா,

சம்பளம் இரண்டு மடங்கு. கையில் கிரீஸ் ஒட்டாது. பெண் பார்க்கப் போனால் நல்ல நாற்காலி போடுவார்கள், உனக்கு அது இனிமேல் உதவாது. கெட்டது என்னவென்றால், நீ எதையும் செய்யமாட்டாய். செய்கிறவனிடம் ‘எப்போ முடியும்’ என்று கேட்பாய். அவன் சொன்ன தேதியில் நாலு நாள் குறைத்து மேலே சொல்வாய். போன வாரம் அலிபிரியில் படி ஏறும்போதும் மீட்டிங்தான். சுற்றிலும் கோவிந்தா சத்தம், நான் மியூட் போட்டுக்கினு ஏறினேன். ஆனாலும் சொன்ன நாளில் ஒரு லைன் ஓடினால் வரும் போதை வேறெதிலும் இல்லை. வா.

பம்ப் தாமதம் எங்கள் சப்ளையரால். மேலே இன்னும் சொல்லவில்லை. சமாளிப்பேன்.

திலீப்

சித்தூர், 20.5.2025

திலீப்,

நேற்று மேனேஜர் கூப்பிட்டு உன் வாராந்திர ஷீட்டைக் காட்டினார். ‘லைன் தாமதம். பொறுப்பாளர்: வேதாச்சலம்.’ என்னை ஷிப்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்குள் விளக்கம் எழுதித் தரணும். வராத பம்பை நான் எப்படிடா தாமதப்படுத்துவேன்? கல்பனாவிடம் லீவு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வேதாச்சலம்

திருப்பதி, 21.5.2025

வேதா,

கோபப்படாதே. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஷீட் சேவ் ஆகாது. சப்ளையர் பெயரைப் போட்டால், அவரைப் பிடித்தவன் நான். உங்கள் ஃபேக்டரியில் எனக்கு உடனே ஞாபகம் வந்த பெயர் உன்னுடையது. அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று இருந்தேன், மறந்துபோனேன். இப்போது மாற்றினால் என் ப்ரமோஷன் போகும். பம்ப் வரும்வரை ஒரு பத்து நாள் பொறுத்துக்கோ.

திலீப்

திருப்பதி, 23.5.2025

வேதா,

நீ பதில் போடவில்லை. இரண்டு நாளாக மீட்டிங்கில் யார் பேசினாலும் காதில் ஏறவில்லை. இன்று பதினோரு மணிக்கு மெயில் அனுப்பிவிட்டேன், உன் மேனேஜர் உட்பட ஒன்பது பேருக்கு. தாமதம் எங்களுடையது, மே முதல் தேதியே எனக்குத் தெரியும், உன் பெயரைப் போட்டது என் தப்பு என்று. ‘அப்போ ஏன் சொல்லலை?’ என்று எங்கள் ஹெட் கேட்டார்.  ப்ரமோஷன் போயிற்று.

திட்டியாவது எழுதுடா.

திலீப்

சித்தூர், 27.5.2025

திலீப்,

ஷிப்டுக்குத் திரும்பிவிட்டேன். மெயிலுக்கு நன்றி. நான் கொடுத்த விளக்கத்தில் உன் பெயர் இல்லை. திருப்பதி வேலை வேண்டாம் என்று கல்பனாவிடம் சொல்லிவிட்டேன்.

பம்ப் நேற்று வந்து சேர்ந்தது. வியாழன் காலை ஆறு மணிக்கு லைனை ஓட்டிப் பார்க்கிறோம். கையெழுத்துப் போட உங்கள் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வரணும். வேறு யாரையாவது அனுப்பு.

நீ சாப்பிட வீட்டுக்கு வருவாயா என்று கல்பனா கேட்பாள். மீட்டிங் என்று சொல்லிவிடுகிறேன்.

வேதாச்சலம்