அக்கா தைத்த கவுன்

அக்கா,

நேற்று ராசிபுரத்தில் ஒரு துணிக்கடையில் என் பேத்தி ஒரு குட்டி நைட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். என் நைட்டியில் இருக்கும் அதே பூ, அதே பஃப் கை. பெரியவர்கள் உடுப்பைச் சின்னதாக்கி விற்கிறார்கள். சாயம் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். நான் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

எண்பதுகளின் தொடக்கத்தில், வெண்ணந்தூரில் நாம் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இது தலைகீழாக நடந்தது. நம் பக்கம் நைட்டி என்ற பேரே அப்போது தெரியாது. உங்கள் மகளின் கவுனைத் தரையில் விரித்து, அதே வெட்டில் கணுக்கால் வரை உங்களுக்கு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டீர்கள். அந்த வீட்டு மருமகள்கள் நாம் இருவரும் அதுவரை சேலையைத் தவிர எதையும் உடுத்தியதில்லை. "பச்சப்புள்ளையாட்ட இதென்ன கோலம்?" என்று மாமியார் கத்தினார். "காத்தோட்டமா இருக்குதுங்கத்தை" என்று சிரித்தீர்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் சந்தேகம். தொளதொள உடுப்பு எதையோ மறைக்கத்தான் என்று தோன்றியது. வயிறு லேசாக மேடிட்டிருந்தது, சோற்றையும் ஒதுக்கினீர்கள். மகளுக்குப் பத்து வயதான பிறகு மறுபடி உண்டாகிவிட்டீர்கள், சொல்ல வெட்கப்படுகிறீர்கள் என்று நானே முடிவு கட்டினேன். கிணற்றடியில் நேராகவே கேட்டேன்.

"எத்தன மாசமுங்கக்கா?"

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. பாவாட நாடாவ இறுக்குனா அடிவயிறு சுருக்கு சுருக்குனு குத்துது. அதான் இது."

நான் நம்பவில்லை. "மறைக்கறாங்கத்தை, நாலு மாசம் இருக்கும்" என்று மாமியார் காதில் ஓதினேன். வீடே அதை நம்பியது. நீங்கள் வலி என்று சுருண்டு படுத்தபோதெல்லாம் மசக்கை என்று சிரித்தோம். மாதம் ஏறியும் பிள்ளை அசையவில்லை என்றுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்றில் இருந்தது கட்டி. "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அடுத்த தைப் பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

போன வாரம் என் மருமகள் இடுப்பு வலிக்கிறது என்றாள். பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். வெறும் வாய்வு என்றார்கள். "இதுக்குப் போயி இத்தன பதட்டமாங்கத்தை?" என்று அலுத்துக்கொண்டாள். வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் நான் மறுகேள்வி கேட்பதில்லை. உங்களை நம்பாமல் போனதே இந்த ஜென்மத்துக்குப் போதும், அக்கா.