தலைக்கு எதற்கு ஸ்கேன்?

அக். 14, செவ்வாய்

விடாத மழை. அறுத்த குறுவை நெல் களத்தில், தார்ப்பாய்க்கு அடியில். நாங்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு, வெள்ளிக்கிழமை பைபாஸ். இன்று திடீரென்று மூளைக்கும் ஸ்கேன் என்கிறார்கள். அடைப்பு நெஞ்சில், படம் தலையிலா?

நர்ஸ்: "ஆபரேஷன்ல பக்கவாதம் வந்துடக் கூடாதுல்லம்மா, அதான் முன்னாடியே பாத்துக்குறாங்க."

நம்பவில்லை. எதையோ மறைக்கிறார்கள்.

வாங்க: பிளாஸ்க், வேட்டி 2, கொசுவத்தி.

அக். 15, புதன்

ஸ்கேன் முடிந்தது. டாக்டரம்மா இவரிடம் தனியாகப் பேசினார். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது.

"என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நாத்து பறிக்க ஆளு வந்துச்சான்னு தம்பிக்குப் போன் போடு."

முகம் சுவர்ப் பக்கம். சாம்பார் சாதம் பாதிதான் இறங்கியது.

அக். 16, வியாழன்

ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டார்கள். விஷயம் தெரியாமல் போடமாட்டேன் என்றேன். டாக்டரம்மா இவரைப் பார்த்தார். இவர் தலையசைத்தார்.

கம்ப்யூட்டரில் மூளைப் படம். ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு.

"பழைய பக்கவாதம்மா. லேசா வந்துட்டுப் போயிருக்கு. உங்களுக்குச் சொல்ல வேணாம்னாரு."

போன தை அறுவடையில் வலது கை மரத்து, பேச்சு குழறி, வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். சற்று நேரத்தில் சரியானதாம். சொன்னால் வயலுக்கு விடமாட்டேனாம். நான் ஆஸ்பத்திரியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தழும்பால் ஆபரேஷன் முறையே மாறுகிறது. இதயத்தை நிறுத்தாமல், துடிக்கும்போதே செய்வார்கள். பெரிய ரத்தக் குழாயில் இடுக்கி போடமாட்டார்கள்.

"போட்டா உள்ள படிஞ்சிருக்கிற கொழுப்பு பேர்ந்து மூளைக்குப் போயிடலாம்மா."

"இந்தப் படம் எடுக்காம விட்டிருந்தா?"

டாக்டரம்மா பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். இவரோடு பேசவில்லை.

அக். 18, சனி

ஆபரேஷன் நேற்று முடிந்தது. காலையில் கண் விழித்தார். டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார், இரண்டையும் தூக்கினார். பெயர், ஊர் கேட்டார், குழறாமல் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவர்கள் நகர்ந்ததும் குனிந்து கேட்டேன்.

"வேற ஏதாவது மறைச்சிருக்கீங்களா?"

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை மரத்தது ஒரு தடவ இல்ல. மூணு தடவ."

டாக்டரம்மாவைக் கூப்பிட எழுந்தேன். இவர் என் கையை விடவில்லை. உதறிவிட்டுப் போனேன்.