கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது, கண்ணுக்கு வேளை தவறாமல் மருந்து விட்டுக்கொள்கிறேன், எனக்கு ஒரு குறையுமில்லை. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உன் தம்பிக்கு வேலை போய்விட்டது. பத்தொன்பது வருஷம் அவன் காவல் காத்த சர்வர் அறையை மூடிவிட்டார்கள். கம்பெனியின் தகவல்கள் அத்தனையும் எங்கோ இருக்கும் பெரிய டேட்டா சென்டருக்குப் போய்விட்டன. கோளாறு வந்தால் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் அங்கே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். ஆள் வேண்டாமாம். கடும் கோடையிலும் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன பிள்ளை, இப்போது பால்கனியில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். உள்ளே கூப்பிடு என்றால் அவன் மனைவி, விடுங்க அத்தை, பத்தொன்பது வருஷம் ஏசியில இருந்த மனுஷன், கொஞ்சம் வெயில் படட்டும் என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்கிறாள்.

வேலை போனதைப் பொறுத்துக்கொள்வேன், போன விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏழு மாதத்துக்கு முன் அவனுடைய மேனேஜர் கூப்பிட்டு, உங்க தலைக்குள்ள இருக்கறதையெல்லாம் எழுதிக் குடுத்துடுங்க சார், நாளைக்கு நீங்க லீவு போட்டா நாங்க என்ன பண்றது என்றாராம். அவனுக்குத் தயக்கம். உன்னைப் போனில் கேட்டான், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒண்ணு விடாம எழுதுடா, எழுதிக் குடுக்கிறவனைத்தான் கம்பெனி தலையில வச்சுக் கொண்டாடும் என்றாய். அண்ணன் சொன்னானே என்று உட்கார்ந்து எழுதினான். எந்த இயந்திரம் எப்போது முரண்டு பிடிக்கும், எந்தக் கேபிளை அசைத்தால் எது நின்றுபோகும், மின்சாரம் போய் வந்தால் எதை முதலில் எழுப்ப வேண்டும் என்று நூற்று நாற்பது பக்கம். அவன் ஆங்கிலம்தான் உனக்குத் தெரியுமே, முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கான்வென்டில் மதர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி மூன்று வாரம் வரிவரியாகத் திருத்தினேன், படிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து எழுதுடா என்று அதட்டினேன். மேனேஜர் பார்த்துவிட்டு, அடேயப்பா, குழந்தைகூடப் புரிஞ்சுக்குமே சார் என்றாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை, மாடிவீட்டுக்காரி வரைக்கும் சொல்லிக்கொண்டேன். அதை அப்படியே அந்த மென்பொருளுக்குப் புகட்டிவிட்டார்கள். திருத்தாமல் விட்டிருந்தால் விளங்காமல் இன்னும் நாலு வருஷமாவது அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். என் பிள்ளையின் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன்.

நான் தெரியாமல் செய்தேன். நீ? வேலை நீக்கக் கடிதத்தோடு, அறையை ஏன் மூடுகிறார்கள் என்ற அறிக்கை ஒன்றும் வந்தது. உன் தம்பி முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டான். நான் எதையும் கடைசிப் பக்கம்வரை படிப்பவள். ஆலோசனை சொன்னது உன் நிறுவனம். கீழே உன் கையெழுத்து. நீ போனில் அவனுக்குப் புத்தி சொன்னதற்குப் பதினோரு நாள் முந்திய தேதி.

உலகம் மாறுகிறது என்பாய். மாறட்டும். நான் போடாவிட்டால் வேறொருவன் கையெழுத்துப் போட்டிருப்பான் என்பாய். போட்டிருப்பான்தான், ஆனால் அந்த வேறொருவனிடம் உன் தம்பி போய் யோசனை கேட்டிருக்க மாட்டான்.

அவனுக்கு இன்னும் தெரியாது. நேற்றுகூட, அண்ணன்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, அவன் ஆபீசுல ஏதாவது இருக்கும் என்றான். உனக்கு அனுப்ப விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறான், நான்தான் ஏதேதோ சாக்குச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். அவன் உன்னிடம் கையேந்துவதற்குள் நீயே அவனை அழைத்து உன் வாயால் சொல். வேறு வேலை பார்த்துத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. முதலில் இதைச் சொல், அவன் என்ன திட்டினாலும் குறுக்கே பேசாமல் கேள். உன் அப்பா போன இந்த ஆறு வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். நேரம் பார்த்து அழைக்க வேண்டியதில்லை, அவன் இப்போது எப்போதும் வீட்டில்தான் இருக்கிறான்.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, நீ அவனிடம் பேசிய பிறகு.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா