திறக்காத முன்வாசல்

திண்டிவனம், 1961 ஜூலை 3, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். வற்றல் மாடியில்.
ஊரில் பேசுவது தவறு. வாரப் பத்திரிகையில் வந்த கதையை எனக்கு எந்த வாத்தியாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. கான்வென்டில் படிக்கும்போது சிஸ்டர்கள் வகுப்பில் வாசித்துக் காட்டியது யார் கட்டுரையை?
வந்திருப்பது முதல் பாதி. எங்கள் சேரித் தெருப் பிணங்களுக்கு மாதா கோயிலில் பக்க வாசல்தான். கதையில் ஒருத்தி மாட்டேன் என்கிறாள். புருஷன் சவப்பெட்டியோடு, மூடிய முன்வாசலில் உட்காருகிறாள். மீதி அடுத்த வாரம்.

செவ்வாய்
கோயில் கமிட்டி ஞானப்பிரகாசம் வந்தார். நிலக்காரர், பூசையில் முன்வரிசை. காபி கொடுத்தேன். தொடவில்லை.
"எங்க கோயிலப் பத்தி எழுதிக்கினு கீறீங்களாமே?"
"ஊர்ப் பேரே போடலையே."
"பக்க வாசல் அவ்ளோ குறுகல் கெடையாதுங்க. பெட்டி சாய்க்காமயே போவும்."
தானே வந்து மாட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்கினேன். அவர் சிரிக்கவில்லை.
"டீச்சரம்மா, நாளைக்கு உங்க பெட்டிக்கும் மணி அடிக்கணுமில்ல?"
"அடிச்சாலும் எனக்குக் கேக்காதுங்க."
போன பிறகு அவர் தொடாத காபியைக் கொட்டினேன். கழுவும்போது பீங்கான் கோப்பை உடைந்து போயிற்று.
என் வீட்டுக்காரர் பெட்டி சாய்ந்துதான் போனது. பின்னால் நடந்தவள் நான்.

வியாழன்
விழுப்புரம் கண் டாக்டர்: போகவில்லை. சர்க்கரை தீர்ந்தது.
பத்திரிகை ஆசிரியர் கடிதம். கதை முடிவை மாற்றுகிறாராம். கதையில் ஒரு நிலக்காரர் மனைவி மனமிரங்கி, அழுதுகொண்டே முன்வாசலைத் திறக்கிறாளாம். வாசகர்களுக்கு ஆறுதலாக இருக்குமாம். எந்த வாசகர்களுக்கு?
எதிர்வீட்டு லூர்து மல்லாட்டைக் கடலை உடைக்க வந்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.
"எந்த மகராசி பெரிம்மா தொறந்தா? நானுந்தான் பெரிப்பா பெட்டிக்குப் பின்னால வந்தேன்!"
பிறகு தலை குனிந்து, "தொறந்துட்டுப் போவட்டுமே. கதையிலயாவது உள்ள போவோம்."
அதட்டிவிட்டேன். பாதி மல்லாட்டையோடு எழுந்து போனாள்.
அவள் சொன்னதுதான் உறுத்துகிறது. கமிட்டிக்காரர் சொன்னதல்ல.

வெள்ளி
மேகம், மழை இல்லை. லூர்து வரவில்லை.
யோசித்தாயிற்று. அந்த அம்மாள் திறந்தால் கதை அவளுடையதாகிவிடும். நாங்கள் வாசலில் நின்று நன்றி சொல்ல வேண்டியதுதான்.
தபாலுக்கு, நகல்:
ஆசிரியர் அவர்களுக்கு. என் கதையில் கதவு திறக்காது. அவள் எழுந்து, பெட்டியை நேரே கல்லறைக்கு எடுத்துப் போகிறாள். பக்க வாசலுக்கும் போவதில்லை. மூடியவர்கள் அதைப் படிக்கட்டும். எழுதியபடி போடுங்கள். இயலாதென்றால் மீதியை அச்சேற்ற வேண்டாம். இரண்டில் எது என்று எழுத்தில் பதில் அனுப்பவும்.