மூன்று வேர்கள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆர்க்கிட் நேற்று மூலக்குளத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்டியில் இருந்த உன் பெயர்ச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் ஆன்லைனில் வாங்கியதாக உன் அம்மாவிடம் சொன்னேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு, உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

ஐந்து நாள் அடைந்து கிடந்ததில் இலைகள் துவண்டிருந்தன. வேர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். நான்கு அழுகிவிட்டன, வெட்டினேன். மூன்றுதான் கெட்டியாக இருந்தன. தெம்பு வரட்டுமென்று இன்று காலை மாடி வெயிலில் வைத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் தொட்டியைக் காணோம். தூக்கி எறிந்துவிட்டாளோ என்று பதறிக் கீழே ஓடிவந்தேன். சமையலறை ஜன்னலோரம், நிழலில் இருந்தது.

"வந்ததும் வராததுமா வெயில்ல வெக்கிறீங்களே," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "புள்ள ஆசையா அனுப்புனது. பட்டுப்போச்சுன்னா அவளுக்கு என்னா பதில் சொல்லுவீங்க?"

அப்பா