பட்டை மேலா, கீழா

மார்ச் 4
நிலைப்பட்டையை எங்கே வைப்பது என்று இன்றும் போனில் நண்பன் மீசையோடு சண்டை. கணினித் திரையில் ஜன்னல்களை அடுக்கிவைக்க நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் மென்பொருளான விண்டோ மேனேஜரில் நேரம், பேட்டரி, வந்த செய்தி எல்லாம் காட்டும் விரலகலப் பட்டை அது. அதற்கு இத்தனை ரகளை. "மேல வைடா. மனுஷன் மேலேருந்துதானே படிக்கிறான்?" என்கிறான். கீழேதான் என்று நான். வேலை செய்யும்போது அது கண்ணை உறுத்தக் கூடாது.

மார்ச் 7
மடிக்கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. காலையிலிருந்து எழுதியது எல்லாம் போச்சு. பேட்டரி இறங்கினால் பட்டையின் வலக்கோடியில் சிவப்பு மின்ன வேண்டும். மின்னவில்லை. நிரலில் எங்கேயோ பிழை.

மார்ச் 8
பிழை இல்லை.

மார்ச் 11
மறுபடியும் அதே கதை. சோதித்துப் பார்த்தால் மின்னுகிறது, வேலையில் மூழ்கினால் மின்ன மாட்டேன் என்கிறது. காபி கொண்டுவந்த மனைவி, "என்னங்க, செவப்பா மின்னிக்கிட்டே இருக்கே, பாக்கலையா?" என்றாள். நேராகப் பார்த்தேன். மின்னிக்கொண்டுதான் இருந்தது.
தூக்கம் பத்தவில்லை. வேறென்ன?

மார்ச் 14
காரை வெளியே எடுத்து வலப்பக்கம் திருப்பினேன். பானெட்டில் தடதடவென்று தட்டும் சத்தம். மகள். வண்டிக்கும் அவளுக்கும் ஒரு சாண் இல்லை.
"அப்பா! கைய ஆட்டிக்கிட்டேதானே நின்னேன்?"
பாக்கலையே. பாக்கவே இல்லையே நான். பெத்த பொண்ணு முன்னால நிக்கிறா, எப்படிடா தெரியாமப் போகும்?
சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 17
ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் கோளாறு இல்லையாம். மூளையில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருக்கிறது. வலியில்லாமல் வந்து போன பக்கவாதம். இரண்டு கண்ணிலும் பார்வையின் வலது கீழ்மூலை போய்விட்டது.
"இருட்டா ஒண்ணும் தெரியலையே டாக்டர்?"
"தெரியாது சார். இல்லாத எடத்த மூளையே ஒப்பேத்திடும்."
"திரும்பி வருமா?"
"வராதுன்னே வச்சுக்கிட்டுப் பழகுங்க."
வண்டி ஓட்டக் கூடாது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 18
சும்மா படுத்துக் கிடந்தேன்.

மார்ச் 22
மீசையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையை மேலே, இடது மூலைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். அப்பவே சொன்னேன்ல என்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை.
"உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டான்.
நம் மென்பொருளை வைத்திருக்கிறவர்களில் இன்னும் யார் யாருக்கு எந்தெந்த மூலை இல்லையோ? அதில் பாதிப்பேருக்கு அது இன்னும் தெரியாமலும் இருக்கலாம்.
"முதல் தடவ தொறக்கும்போதே கேட்டுடுவோம்டா," என்றான். "நாலு ஓரத்துல எது வேணுமோ அவங்களே எடுத்துக்கட்டும்."

ஏப்ரல் 9
புதுப் பதிப்பு வெளியானது. திட்டி ஒருவர், பாராட்டி ஒருவர் எழுதியிருந்தார்கள். என் திரையில் பட்டை மேலே இருக்கிறது. அழகாக இல்லை. தெரிகிறது.
சாப்பிட வந்தால் மகள் தன் நாற்காலியை எனக்கு இடப்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன்.
"அந்தப் பக்கம் உக்காந்தா எதுக்கெடுத்தாலும் தலையத் திருப்புறீங்கப்பா. சோறு ஆறிப்போவுது."
மனைவி தட்டுகளை இடம் மாற்றி வைத்தாள். சாப்பிட்டோம்.